பத்துக்கு எத்தனை? மெட்டல் ஆல்பமும் நம்ம ஊர்க் கச்சேரியும்

ரப்பர்பால் (அருமனை)

மக்களே, ஒரு கோரிக்கை. ஆல்பம் பத்தி எழுதும்போது பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுறதை இந்த இழையில நிறுத்துவோமா?

காரணம் சொல்லுகேன். 2008-ல அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் வந்தப்போ நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். கேக்குற ஆல்பத்துக்கெல்லாம் ஒரு நோட்டுல விமர்சனம் எழுதி வைப்பேன். அதுக்கு 10-க்கு 4 போட்டேன். ‘பாட்டு கொள்ளாம், ஆனா ரெண்டு பாட்டு தாண்டினா தலை வலிக்கு’ன்னு பக்கத்துல குறிப்பு. நோட்டு இப்பவும் பரண்ல கிடக்கு. தலைவலிக்குக் காரணம் பாட்டு இல்லன்னு ரொம்பப் பிறகுதான் தெரிஞ்சது. மாஸ்டரிங், அதாவது ஆல்பம் வெளிய வரதுக்கு முன்னாடி ஒலியைக் கடைசியாச் சீராக்குற வேலை, பண்ணும்போது சத்தம் கூடணும்னு எல்லாத்தையும் அமுக்கி, ஒலியலையோட தலையை வெட்டி விட்டிருக்கானுவ. அதே பாட்டெல்லாம் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டுக்குள்ள அவ்வளவு அமுக்காம வந்திருந்தது. கூட்டாளி ஒருத்தன் அதுல இருந்து எடுத்த பதிவைத் தந்தான். ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) அதேதான், டிரம்ஸும் அதேதான். ஆனா ஸ்நேர் டிரம் ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுது, கிட்டாருக்கும் பாஸ் கிட்டாருக்கும் நடுவுல ஆள் நடந்து போற அளவுக்கு இடம் இருக்கு.

அப்போ நான் போட்ட அந்த 4 யாருக்கு? பாட்டு போட்டவனுக்கா, மாஸ்டரிங் பண்ணினவனுக்கா, இல்ல எனக்க 150 ரூபா இயர்போனுக்கா?

அதனால எதுல கேட்டோம், எத்தனை தடவை கேட்டோம்னு முதல் வரியிலயே சொல்லிட்டு எழுதுவோம். மார்க் வேண்டாம். பக்கத்துல எங்கயாவது லைவ் இருந்தா அதையும் இங்கயே போடுங்க.

கோட்டார் கட்டை

தம்பி, உனக்குப் போன்ல எல்லாப் பாட்டும் கிடைக்கு, அதனால மார்க் வேண்டாங்க. எங்க காலத்துல மாசத்துக்கு ஒரு கேசட் வாங்கத்தான் காசு. அதுக்கும் திருவனந்தபுரம் வரைக்கும் பஸ் ஏறணும். வாங்கலாமா வேண்டாமான்னு ஒருத்தன் முகத்துக்கு நேரா சொன்னாத்தான் விமர்சனம். ‘எல்லாம் அவரவர் ரசனை’ன்னு நழுவுறவன் எழுதுறதைப் படிக்கதுக்கு கேசட் அட்டையையே படிச்சிட்டுப் போயிரலாம்.

பழைய 4-ஐ வெட்டிட்டு 8 போடு. தப்பா மார்க் போட்டோம்னு ஒத்துக்கிடவும் ஒரு மார்க் இருக்கணும்லா?

தோவாளை நார்

அண்ணாச்சிக்கு 10-க்கு 9.

மார்த்தாண்டம் ஆல்ட்டோ

ரெண்டு பேரும் பாதி சரி. ரப்பர்பால், எல்லாப் பழியையும் இயர்போன் தலையில போட முடியாது. மெட்டாலிகாவோட 1988 ஆல்பம் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ எடுத்துக்கோ. எனக்க அண்ணன் துபாய்ல இருந்து கொண்டுவந்த பெரிய ஸ்பீக்கர்லயும் கேட்டேன், சாதா போன்லயும் கேட்டேன். பாஸ் ரெண்டுலயும் இல்ல. இருந்தாத்தானே கேக்கும்? அவங்களுக்கு பாஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் 1986-ல ஸ்வீடன்ல பஸ் விபத்துல செத்த பிறகு ஜேசன் நியூஸ்டெட் வாசிச்ச முதல் முழு ஆல்பம் அது. மிக்ஸிங்ல அந்த ஆளோட சத்தத்தை இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு இறக்கி வச்சிருக்காங்க. இதை விமர்சனத்துல எழுதாம எதை எழுத?

எனக்கு மார்க் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். எனக்குப் பிடிக்காதது வேற. ‘வெறித்தனமான ரிஃப்’, ‘இடி முழக்க டிரம்ஸ்’, ‘தரமான சம்பவம்’. இந்த மூணையும் எந்த ஆல்பத்துக்குக் கீழயும் ஒட்டலாம். எத்தனாவது நிமிஷத்துல என்ன நடக்குதுன்னு சொல்லு. யாரு முந்துறா, யாரு பிந்துறா, பாடுறவனுக்கு மூச்சு எங்க வாங்குதுன்னு சொல்லு. நான் சர்ச் கொயர்ல பதினஞ்சு வருஷமா ஆல்ட்டோ, அதாவது பெண்கள்ல கீழ்க்குரல், பாடுறவ. யாரு மூச்சைத் திருடிப் பாடுறான்னு கண்ணை மூடிட்டே சொல்லிருவேன்.

குளச்சல் காத்து

அக்கா சொன்ன மாதிரி ஒண்ணு எழுதிப் பாக்கேன்.

இங்கிலாந்து மெட்டல் குழு அயர்ன் மெய்டன், 1984, ‘பவர்ஸ்லேவ்’ ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. இங்கிலீஷ் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798-ல வெளியிட்ட கிழட்டு மாலுமி கவிதையை எடுத்துப் பதிமூணரை நிமிஷத்துக்குப் பாட்டாக்கியிருக்காங்க. கேட்டது அப்பாவோட விசைப்படகுல, பழைய கார் ஸ்பீக்கர்ல, பத்து இருபது தடவை இருக்கும்.

முதல் பாதி ஓட்டம். ஒரே ரிஃப் திரும்பத் திரும்ப வருது, ஆனா சலிக்கல, இஞ்சின் ஓடுற மாதிரி. நடுவுல எல்லாம் நின்னுபோகுது. பாஸ் மட்டும் பையப் பையத் தட்டிட்டு இருக்கு. மரம் முனங்குற சத்தம், ஒரு குரல் கவிதையை வாசிக்கு. இதை மண்டபத்துல கேட்டவனுக்கு ‘போர் அடிக்கு’ன்னு தோணலாம். காத்து செத்த கடல்ல, டீசலும் தீந்து, படகு சும்மா ஆடுற ராத்திரியில இருந்தவனுக்கு அப்படித் தோணாது. பலகை அப்படித்தான் முனங்கும். பெரியவர் ஒருத்தர் இதைக் கேட்டுட்டு, ‘இவனுவ கடலுக்குப் போனவனுவளா’ன்னு கேட்டாரு.

திரும்ப வேகம் எடுக்குற இடம் கொஞ்சம் அவசரம். அந்த அமைதியில இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருக்கலாம்.

2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு ரெண்டு வருஷம் இந்தப் பாட்டை நான் போடல. மார்க் எல்லாம் தெரியாது.

மார்த்தாண்டம் ஆல்ட்டோ

இதுதான்ப்பா விமர்சனம்.

ரப்பர்பால் (அருமனை)

இதுக்குப் பிறகு நான் எழுதுறது நல்லா இருக்காது, எங்கிலும் எழுதுகேன்.

பிளாக் சபாத், ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’, 1971. கேட்டது ரப்பர் ஷீட் உலர்த்துற புகைப்புரையில உக்காந்து, சின்ன புளூடூத் ஸ்பீக்கர்ல. அவங்க கிட்டார்காரர் டோனி அயோமி பர்மிங்காம்ல தகடு வெட்டுற ஃபாக்டரியில வேலை பாத்தப்போ, 17 வயசுல, வேலையை விடுற கடைசி நாள்ல மெஷின்ல மாட்டி ரெண்டு விரல் நுனி போச்சு. இடக்கையால வாசிக்கிறவரு, போனது வலக்கை விரல், அதாவது கம்பியை அமுக்குற கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டாரு. பிறகு விரலுக்கு நோவு குறையக் கம்பியைத் தளர்த்தி மூணு அரைச்சுரம் இறக்கினாரு. அந்த இறக்கம் இந்த ஆல்பத்துலதான் முழுசாத் தெரியுது. இன்னைக்கு ‘கனம்’னு நாம சொல்லுற சத்தத்துல பாதி அந்தத் தளர்ந்த கம்பியில இருந்து வந்தது.

எனக்க சித்தப்பாவுக்கு ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர்ல மோதிர விரல் நுனி போச்சு. அயோமி கதையைச் சொன்னேன். ‘அவனுக்கு இன்சூரன்ஸ் கிட்டிச்சா’ன்னு கேட்டாரு. 2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்காம்ல சபாத் பாடகர் ஆஸியோட கடைசி மேடை நடந்தப்போ, பழைய நாலு பேரும் சேந்து நின்ன படத்தைக் காட்டினேன். சித்தப்பா வேற யாரையும் பாக்கல, அயோமியோட கையைத்தான் பெருசாக்கிப் பாத்தாரு. அதே மாசம் 22-ஆம் தேதி ஆஸி போயிட்டாரு.

தோவாளை நார்

எல்லாரும் பழசையே பேசுதீங்க. நம்ம பக்கம்? கண்ணூர்க்காரங்க த டவுன் ட்ராடன்ஸ் 2014-ல போட்ட ஆல்பம் கேட்டீங்களா? மலையாள நாட்டார் பாட்டும் த்ராஷ்ங்கிற வேக மெட்டலும் கலந்து. அது மாதிரி நாமளும் சிங்காரி மேளத்தை வச்சு ஒண்ணு பண்ணினா அடிபொளியா இருக்கும்லா. செண்டை, ரெண்டு காலாலயும் மிதிக்கிற டபுள் கிக் டிரம், மேல குரோல்னு உறுமுற பாட்டு!

மார்த்தாண்டம் ஆல்ட்டோ

செண்டையைக் கொண்டுவந்து மேல ஒட்டினா ஃப்யூஷன் ஆயிருமா நார்? கல்யாண வீட்டுல பிரியாணி மேல முந்திரி தூவுற மாதிரிதான் இருக்கும். பிரேசில் மெட்டல் குழு செபுல்துரா 1996-ல ‘ரூட்ஸ்’ போடும்போது ஷவாந்தே பழங்குடி மக்களோட ஊருக்கே போய் அவங்களோட உக்காந்து பதிவு பண்ணினாங்க. அந்த ஆல்பத்துல தாளம் மாறினதால கிட்டார் வாசிக்கிற விதமும் மாறிச்சு. கொச்சி மதர்ஜேன் குழுவுல பைஜு தர்மஜன் கிட்டார் வாசிச்சதைக் கேளு, 2008-ல வந்த ‘மக்தூப்’ ஆல்பம். ஒரு வீணையையும் கூட்டிட்டு வரல. கம்பியை இழுக்குற இழுப்புல கமகம் வந்திரும். அது உள்ள இருந்து வருது.

சிங்காரி மேளம் பாதி தாண்டினா வேகம் ஏறும், கவனிச்சிருக்கியா? மெட்ரோனோம்னு ஒரே வேகத்துல தாளம் தட்டுற கருவி போட்டு அடிக்கிற டிரம்மர் அவங்களோட எப்படிச் சேருவான்? யாரு யாருக்கு விட்டுக்கொடுக்கணும்? முதல்ல அதுக்கு விடை சொல்லு, பிறகு குரோல் பண்ணலாம்.

கோட்டார் கட்டை

ஆல்ட்டோ கேட்டதுக்கு விடை எனக்க வீட்டுலயே இருக்கு. கட்டைன்னு பேரு வச்சிருக்கேனே, யாராவது ஏன்னு கேட்டீங்களா? எங்க மாமா வில்லுப்பாட்டுக்குழுவுல கட்டை அடிச்சவரு. சின்ன வயசுல அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அவரு பின்னாடியே போவேன். வில்லு, குடம், உடுக்கை, தாளம், கட்டை. இத்தனையும் ஒரு ஆள் சொல்லுற கதைக்குப் பின்னால ஓடணும். நீலி கதையில பழி வாங்குற இடம் வரும்போது புலவர் குரலைக் கீழ இறக்குவாரு. குடக்காரர் அதைக் கேட்டுத் தன் அடியைக் கனமாக்குவாரு. யாரும் எண்ணிக்கை சொல்லுறதில்ல. வேகம் ஏறி ஏறி ஒரு இடத்துல சாமி வந்துரும். வந்த பிறகு நிறுத்தவும் முடியாது, சாமியாடி தணியுற வரைக்கும் அடிச்சே ஆகணும். ராத்திரி முழுக்க, கொலையும் பழியுமா ஒரே கதை. பதிமூணரை நிமிஷப் பாட்டை நீளம்னு சொல்லுறவன் அங்க வந்து உக்காரணும்.

2007 மார்ச் 17-ஆம் தேதி அயர்ன் மெய்டன் முதல்முதலா இந்தியாவுக்கு வந்தாங்க, பெங்களூரு அரண்மனை மைதானம். ஐலண்ட் எக்ஸ்பிரஸ்ல நாகர்கோவில்ல ஏறி, கேரளம் முழுக்கச் சுத்தி, பாலக்காடு, சேலம்னு போய் இறங்கினோம். மூணு பேர், ஒரு பொதி புளியோதரை. செம்மண் புழுதி. முன்னால நின்ன பையன் ஒருத்தன் கண்ணை மூடி ஆடினான் பாரு, எனக்கு எங்க ஊர் சாமியாடிதான் ஞாபகம் வந்தாரு. திரும்பி வரும்போது ரெண்டு நாள் காது அடைச்சே இருந்தது. மெய்டன் பாஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸோட பாஸை அன்னைக்கு நெஞ்சுலதான் கேட்டேன், காதால இல்ல. அதுக்கு முன்னாடி கேசட்ல கேட்டதெல்லாம் அந்தப் பாட்டோட ஜாதகம் மட்டும்தான்னு அப்போ தோணிச்சு.

அதுக்கு 10-க்கு 10. போடத்தான் செய்வேன்.

குளச்சல் காத்து

அண்ணாச்சி, நம்ம மாவட்டத்துல ஒண்ணாவது நடந்திருக்கா? திருவனந்தபுரம் பக்கம் 2022 நவம்பர்ல வெள்ளார் கைவினைக் கிராமத்துல இண்டி இசைத் திருவிழா நடந்தப்போ நாங்க பைக்லயே போயிட்டோம். ஊருக்குள்ள?

மார்த்தாண்டம் ஆல்ட்டோ

பைக்ல போறவங்களுக்கு சுகம். திருவனந்தபுரத்துல ஷோ முடிஞ்சு தம்பானூர்ல பஸ்ஸைப் பிடிச்சு, ராத்திரி களியக்காவிளையில அடுத்த பஸ்ஸுக்கு நிக்குற பொம்பளை பாடு உங்களுக்குத் தெரியாது. கடைசி ரெண்டு பாட்டை நான் எந்த ஷோவுலயும் கேட்டதில்ல. எனக்க லைவ் விமர்சனம் எல்லாம் முக்கால் விமர்சனம்தான்.

ரப்பர்பால் (அருமனை)

ஊருக்குள்ள ஒண்ணு நடந்தது. நடந்ததுன்னு சொல்ல முடியாது. சில வருஷம் முன்னாடி திங்கள்சந்தைப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்துல நாங்க நாலு பேர் வாசிச்சோம். கூட்டம் அறுபது பேர், அதுல இருபது சொந்தக்காரங்க. மைக் செட் வாடகைக்கு எடுத்தோம். முதல் பாட்டுல நான் கிட்டார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்குற டிஸ்டார்ஷன் பெடலை மிதிச்சேன். ரெண்டே வினாடி. செட்டுக்காரர் பாய்ஞ்சு வந்து ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணிட்டாரு. ‘ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு, சவத்த நிறுத்துங்கடே’ன்னு ஒரே சத்தம். கிழியலன்னு சொல்லிப் புரிய வைக்க அரை மணிக்கூர் ஆச்சு. பிறகு எல்லாக் குரலுக்கும் ஈக்கோ போட்டு விட்டாரு. எங்க பாடகன் குரோல் பண்ணினது கிணத்துக்குள்ள விழுந்த எருமை மாதிரி கேட்டுது. டபுள் கிக் மண்டபத்துச் சுவர்ல முட்டிக் களியாயிட்டு. அதோட விட்டாச்சு. ரசனை இல்லாத ஆளுங்க கையில செட்டு இருந்தா இதுதான் கதி.

செட்டுக்காரன் மகன்

வணக்கம். ஒரு வருஷமா நீங்க எழுதுறதைப் படிக்கேன், இன்னைக்குத்தான் எழுதுகேன்.

ரப்பர்பால் அண்ணே, அந்தச் செட்டு எங்க அப்பாவோடது.

அன்னைக்கு ஒயரு சுருட்ட நானும் வந்திருந்தேன். சில விஷயம் சொல்லணும். நீங்க கிட்டார் ஆம்ப் கொண்டுவரல. பெடல்ல இருந்து நேரா எங்க மிக்சர்ல குத்தினீங்க. கிட்டார் ஆம்ப்ல இருக்குற ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் விடாது, கரகரப்பை அது வடிகட்டிரும். எங்க ஹார்ன் எல்லாத்தையும் அப்படியே கக்கும். அதான் ஆயிரம் வண்டு பறந்த மாதிரி இருந்தது. உங்க டிரம்மர் கேட்ட பாஸும் அந்தக் குழாய்ல வராது, அது ‘கூட்டம் கூட்டமா வாரீர்’னு அறிவிக்கச் செஞ்ச குழாய். 18 இஞ்ச் பாக்ஸ் ரெண்டு வேணும்னு அப்பா முதல்லயே கேட்டாரு. வாடகை கூடும்னு நீங்கதான் வேண்டாம்னீங்க.

இன்னொண்ணு. ரசனை இல்லன்னு எழுதினது வருத்தமா இருக்கு. டிஸ்டார்ஷனை அந்தக் காலத்துல எப்படி எல்லாம் எடுத்தாங்கன்னு நான் இப்போ படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 1964-ல இங்கிலாந்து கிங்க்ஸ் குழுவோட கிட்டார்காரர் டேவ் டேவிஸ் தன்னோட ஆம்ப் ஸ்பீக்கர் கோனைப் பிளேடால கீறி விட்டுத்தான் அந்தச் சத்தத்தை எடுத்தாரு. அப்போ எங்க அப்பா என்ன தப்பாச் சொல்லிட்டாரு? கிழிஞ்ச ஸ்பீக்கர் சத்தம்னாரு. அது கிழிஞ்ச ஸ்பீக்கர் சத்தம்தான். மண்டபத்துல இருந்த அறுபது பேர்ல சரியாக் கேட்டது அவரு ஒருத்தர்தான்.

ஈக்கோ போட்டது மட்டும் தப்பு. அது அவருக்குக் கைப்பழக்கம், கல்யாண வீட்டு மொய் அறிவிப்புக்கும் போடுவாரு.

மார்த்தாண்டம் ஆல்ட்டோ

அய்யோ ரப்பர்பால். எங்கயாவது போய் ஒளிஞ்சுக்க.

ரப்பர்பால் (அருமனை)

தம்பி, மன்னிச்சிரு. ரசனைன்னு எழுதின வரியை அழிக்கல, அப்படியே கிடக்கட்டும், எனக்க 4 மார்க் நோட்டு மாதிரி. பாக்ஸ் விஷயம் உண்மைதான். அப்போ கையில இருந்தது மொத்தமே ஏழாயிரம்.

அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மண்டபத்துல டபுள் கிக் களியாகாம இருக்க என்ன பண்ணணும்?

செட்டுக்காரன் மகன்

கேட்டுச் சொல்லுகேன்.

சொல்லிட்டாரு. பின் சுவர்ல ஜமுக்காளம் கட்டணும், ஒண்ணு ரெண்டு இல்ல, சுவர் தெரியாத அளவுக்கு. ஷீட் கூரைக்குக் கீழ வாழைக்குலை தொங்கவிடுற மாதிரி பழைய சாக்கு தொங்கவிட்டா இன்னும் நல்லது. பாக்ஸை மூலையில வைக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, ‘அந்தப் பையன் ரெண்டு காலையும் ஒரே நேரத்துல மிதிக்கான், காலை எடுத்துட்டு மிதிக்கச் சொல்லு’ன்னாரு. டிரம்மர் அண்ணனுக்கு இதைச் சொல்லிருங்க.

தோவாளை நார்

டிரம்மர் நான்தான். நன்றி.

கோட்டார் கட்டை

தம்பி, உங்க அப்பாவை இந்த இழையில சேத்துவிடு. மீதி எல்லாரும் ராஜினாமா பண்ணிருவோம்.

சரி, வேலையைப் பேசுவோம். மழை விட்ட பிறகு, கொடையும் சர்ச் திருவிழாவும் இல்லாத ஒரு சனிக்கிழமை பாக்கணும். டிசம்பர் முதல் வாரம் ஆகாது, எங்க ஊர் சவேரியார் திருவிழாவுல ஒரு செட்டும் கிட்டாது. வெளிய இருந்து பெரிய பேண்ட் எல்லாம் வேண்டாம். கொயர்ல வாசிக்கிற பையன்மாருகிட்டயே டிரம்ஸும் பாஸும் இருக்கு, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அடுத்த ஞாயிறு வரைக்கும் எல்லாம் சும்மாதான் கிடக்கு. ஆரம்பத்துல வில்லுப்பாட்டு ஒரு முக்கால் மணிக்கூர் வைக்கலாம். மாமா போயிட்டாரு, அவரு மகன் அடிக்கான். மைக்ல ஈக்கோ கிடையாது.

மார்த்தாண்டம் ஆல்ட்டோ

சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பிக்கணும். கடைசிப் பாட்டை ஒரு தடவையாவது நான் கேக்கணும். பெண்களுக்குக் கழிப்பறை திறந்திருக்கான்னு மண்டபத்துக்காரர்கிட்ட சாவியோட பேசிட்டு வாங்க, வாயால பேசிட்டு வராதீங்க. பிறகு, நானும் ஒரு பாட்டு பாடுகேன். குரோல்தான். வீட்டுல குளியலறையில பயிற்சி எடுக்கும்போது அம்மா வேப்பிலையோட வந்து நின்னாங்க. தொண்டையை நெரிச்சுக் கத்துறது இல்ல அது, வயித்துல இருந்து காத்தைத் தள்ளணும், கொயர் மாஸ்டர் சொல்லித்தந்த அதே மூச்சுதான்.

குளச்சல் காத்து

குளச்சல்ல இருந்து வேன் ஒண்ணு ஏற்பாடு பண்ணுகேன். கருங்கல் வழியா வரும். இப்போதைக்கு ஆறு சீட் காலி.

ரப்பர்பால் (அருமனை)

தம்பி, அப்பாவுக்கு ஏதாவது போட்டுக் காட்டினியா? எதைக் கேட்டாரு?

செட்டுக்காரன் மகன்

நேத்து ஷெட்டுல வச்சு ஜூடாஸ் ப்ரீஸ்ட் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ போட்டேன், 1980. 18 இஞ்ச் பாக்ஸ்ல. ரெண்டு பாட்டு சும்மா கேட்டாரு. ‘மெட்டல் காட்ஸ்’ல அந்த இரும்புச் சத்தம் வருமே, அங்க கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாரு. ‘இது மெஷின் இல்ல, வீட்டுச் சாமான்’னாரு. அண்ணே, உண்மையிலேயே அப்போ பதிஞ்ச சத்தத்தைத் திரும்பப் போடுற சாம்ப்ளர் கிடையாம, கரண்டி முள்கரண்டி எல்லாம் அடுக்கின தட்டைக் குலுக்கித்தான் அதை எடுத்திருக்காங்க. நான் அவருகிட்ட சொல்லவே இல்ல.

கோட்டார் கட்டை

அந்த ஆல்பத்துக்கு 10-க்கு எத்தனைன்னு கேளு. அவரு போடுற மார்க்கை ரப்பர்பாலும் ஒத்துக்கிடுவான்.

செட்டுக்காரன் மகன்

கேட்டேன் அண்ணாச்சி. பத்துக்குன்னு சொன்னதும், ‘பத்துக்கு முன்னாடியே முடிச்சிரணும், பத்து மணிக்கு மேல போலீஸ் வந்தா செட்டைத்தான் தூக்குவான், வாசிச்சவனை இல்ல’ன்னுட்டாரு. ஜெனரேட்டர் டீசல் தனி.